தபசு மரத்தில் ஷோபனா

திருத்தணியிலிருந்து ஆர்.கே.பேட்டை போகும் சாலையில், டவுன் பஸ் நின்றால் நின்றது, போனால் போனது என்கிற கணக்கில் ஓர் ஊர். அந்த ஊரில் ஷோபனா என்ற பெயரில் இரண்டு பேர். ஒருத்தி ரேஷன் கடைக்கு எதிர்வீட்டு ஷோபனா. இன்னொருத்தி புள்ள இல்லாத ஷோபனா. இது இரண்டாமவளின் கதை. அப்படிச் சொல்கிறவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. தபால்காரர் வந்து கேட்டால் அடையாளம் காட்ட வேண்டாமா, அதற்காகச் சொல்கிறார்கள். பதினோரு வருஷமாக வாரத்துக்கு நாலு தடவை காதில் விழும் அடையாளம் எங்கே போய்க் குத்தும் என்று யோசிக்க அவர்களுக்கு ஏது நேரம்? கடலைக்குக் களை எடுக்க வேண்டும், மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும்.

அவள் பிறந்தது திருவாலங்காட்டுப் பக்கம். நைனா பச்சையப்பனுக்குக் கரும்பு இரண்டு காணி, வரப்போரமாக நாலு புளியமரம், இரண்டு பெண்கள். ஆண்பிள்ளை இல்லாத வீட்டில் புளி உலுக்க யார் ஏறுவது? மூத்தவள் ஷோபனாதான் ஏறினாள். பொட்டப்புள்ள மரம் ஏறுகிறது என்று தெருவில் பேசினார்கள். பேசினவர்களில் ஒருவரும் வந்து ஏறிக் கொடுக்கவில்லை. பத்து வயதிலிருந்து கல்யாணம் ஆகும் வரை வருஷா வருஷம் ஏறினாள். உச்சிக் கிளையில் நின்று பார்த்தால் சர்க்கரை ஆலைப் புகை தெரியும், ரயில் போவது தெரியும். கீழே நின்று நைனா பதறிக்கொண்டிருப்பார். அவளுக்கு ஒரு நாளும் கால் நடுங்கியதில்லை.

பன்னிரண்டாவது முடித்து, தையல் படித்து, இருபத்து மூன்று வயதில் குமரேசனுக்கு வாழ்க்கைப்பட்டாள். மூன்று ஏக்கர் நிலம், ஒரு போர்வெல், அதிர்ந்து பேசத் தெரியாத புருஷன். மாமியார் ரத்தினம்மாள். மாமியார் என்றதும் படிப்பவர்கள் பல்லைக் கடிக்க வேண்டாம். அந்த அம்மாள் மருமகளை ஒரு நாளும் மலடி என்று சொன்னதில்லை. தெருவில் யாராவது ஜாடை பேசினால் சண்டைக்குப் போவாள். மாடு கறந்ததும் முதல் டம்ளர் காபி மருமகளுக்குத்தான். ஷோபனாவுக்குக் காய்ச்சல் வந்தால் தலைமாட்டை விட்டு நகர மாட்டாள். இப்படிப்பட்ட ஒருத்தி, தினம் விளக்கேற்றும்போது ஒரு பேரப்பிள்ளையை மட்டும் கேட்பாள். வாய்விட்டுக்கூடக் கேட்பதில்லை, உதடு மட்டும் அசையும். திட்டுகிற மாமியாராக இருந்தால் எதிர்த்துப் பேசி ஜெயிக்கலாம். இவளை என்ன செய்வது? ஷோபனாவின் கஷ்டம் எல்லாம் இங்கேதான் இருந்தது.

டாக்டரிடம் போகாமல் இல்லை. முதலில் திருவள்ளூர், பிறகு சென்னை. இரண்டு பேருக்கும் எல்லாப் பரிசோதனையும் எடுத்துப் பார்த்துவிட்டு, உங்கள் இருவரிடமும் ஒரு குறையும் இல்லை என்று சிரித்த முகமாகச் சொல்லி அனுப்பினார்கள். குறை என்று ஒன்று இருந்திருந்தால் அதன் தலையிலாவது பழியைப் போட்டிருக்கலாம். அதுவும் இல்லாமல் போயிற்று. திரும்பி வரும் ரயிலில் குமரேசன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தான். அரக்கோணம் தாண்டியதும், டீ குடிக்கிறியா என்று கேட்டான். அவனால் ஆன ஆறுதல் அவ்வளவுதான்.

பிறகு அம்மன் கோயில். அந்தப் பக்கத்து ஊர்களில் சித்திரை, வைகாசி வந்தால் திரௌபதி அம்மனுக்குக் கொடியேற்றி பாரதக் கூத்து வைப்பார்கள். அதில் ஒரு நாள் அர்ஜுனன் தபசு. ஐம்பது அடிக்குக் குறையாத மரம் ஒன்றைத் திடலில் நட்டு, ஏறுவதற்குக் கட்டை அடித்து, உச்சியில் ஒரு பலகை கட்டி வைப்பார்கள். அர்ஜுனன் வேஷம் கட்டியவர் பாடிக்கொண்டே ஏறி, சிவனிடம் அஸ்திரம் வேண்டித் தவம் இருந்து, மேலேயிருந்து எலுமிச்சம்பழமும் வில்வமும் விபூதியும் எறிவார். பிள்ளை வேண்டும் பெண்கள் அன்றைக்குப் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல், தலைக்குக் குளித்து, ஈரச் சேலையோடு மரத்தைச் சுற்றிக் குப்புறப் படுத்திருப்பார்கள். எறிகிற நேரத்தில் மண்டியிட்டு எழுந்து முந்தானையை விரிப்பார்கள். பழம் கிடைத்தவள் அதைத் தின்ன வேண்டும். தின்றால் அடுத்த தபசுக்குள் தொட்டில் ஆடும் என்பது நம்பிக்கை.

ஷோபனா ஏழு வருஷம் படுத்தாள். சித்திரை வெயிலில் ஈரச் சேலை அரை மணியில் காய்ந்துவிடும், ரத்தினம்மாள் குடத்தோடு வந்து மறுபடி ஊற்றுவாள். இரண்டு தடவை பழம் கிடைத்தது. இரண்டு தடவையும் ஊரே சந்தோஷப்பட்டது. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு மாதத்திலும் ரத்தினம்மாள் ஒன்றும் கேட்காமல் மருமகளின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டு, ஒன்றும் சொல்லாமல் அடுப்படிக்குப் போனாள். எட்டாவது வருஷம் ஷோபனா படுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். மாமியார் வற்புறுத்தவில்லை. ஆனால் அந்த வருஷம் தபசு பார்க்கவே ரத்தினம்மாள் போகவில்லை, உடம்பு சரியில்லை என்று சொல்லிப் படுத்துக்கொண்டாள்.

அந்த நிலையில்தான் திருத்தணிக்கு ஒரு பண்பாட்டு அறக்கட்டளை வந்து சேர்ந்தது. மகளிர் குழுப் பெண்களுக்கு மூன்று மாதம் கூத்துப் பயிற்சி, தை மாதக் கடைசியில் மலையடிவாரத்துத் திடலில் 'மரபும் மாற்றமும்' என்று மூன்று நாள் கலைவிழா. அதை நடத்த வந்தவள் சுசித்ரா. சென்னையில் படித்தவள், முப்பது வயது, சுறுசுறுப்பு, யார் பேசினாலும் முகத்தைப் பார்த்துக் கேட்பாள். அவள் நல்லவள் என்பதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது, பின்னால் நடந்ததற்கு அவள்மேல் பழி போட ஆசை வரும். கூத்து கற்றுக்கொடுக்க துளசிங்கம் வாத்தியாரை அமர்த்தியிருந்தார்கள். சுற்றியுள்ள ஐந்து ஜில்லாவிலும் அவருக்குப் பேர் உண்டு. பெண்களுக்குச் சொல்லித் தருவதில் அவருக்கு ஆட்சேபம் ஒன்றும் இருக்கவில்லை, சொன்னது புரிந்தால் போதும் என்றார்.

பதினான்கு பெண்கள் சேர்ந்தார்கள். குழுத் தலைவி ஷோபனாவின் பெயரை அவளைக் கேட்காமலே எழுதிவிட்டாள். உனக்கென்ன, பள்ளிக்கூடம் அனுப்பணுமா, டியூஷன் கூட்டிப் போகணுமா என்றாள். அதுவும் அடையாளம்தான். ஆனால் போன இடம் ஷோபனாவுக்குப் பிடித்துவிட்டது. மத்தியானம் இரண்டு மணிக்குக் குழுக் கட்டடத்தில் ஆரம்பித்தால் ஐந்து மணி வரை அடவும் பாட்டும். தொண்டை திறந்து பாடினால் இவ்வளவு தூரம் கேட்கும் என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. எந்தக் கதை போடலாம் என்று பேச்சு வந்தபோது, அர்ஜுனன் தபசு போடலாம், பெண்ணே மரம் ஏறட்டும் என்று சுசித்ரா சொன்னாள். யார் ஏறுவது என்று மற்றவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். ஷோபனா கை தூக்கினாள்.

சுசித்ரா கதையின் முடிவை மாற்றி எழுதியிருந்தாள். அர்ஜுனன் உச்சிக்குப் போய்ப் பழத்தை எடுத்து எல்லோருக்கும் காட்டுவான். எறிய மாட்டான். பையில் திரும்பப் போட்டுவிட்டு, படுத்திருக்கும் பெண்களை எழுந்திருக்கச் சொல்லுவான். படுத்திருப்பதாக நடிக்கப் பயிற்சிக்கு வந்தவர்களிலேயே நாலு பெண்கள். அந்த இடத்துக்கு இரண்டு பக்கம் வசனம் எழுதியிருந்தது. ஒத்திகையில் அதைப் படித்துப் பார்த்த ஷோபனா, இவ்வளவு வேண்டாம், நானே சொல்றேன் என்று தாளை மடித்து வைத்துவிட்டு, பெஞ்சின்மேல் ஏறி நின்று சொன்னாள்:

"எழுந்துருங்கம்மா. பழத்துல புள்ள இல்ல. நான் ஏழு வருசம் இங்கதான் படுத்துகினு இருந்தேன். புள்ள இல்லாட்டியும் நாம மனுசிங்கதான். எழுந்து வூட்டுக்குப் போங்க."

மிருதங்கம் வாசிக்கிறவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சுசித்ரா தன் இரண்டு பக்கத்தையும் கிழித்துப் போட்டாள். அன்றையிலிருந்து ஷோபனாவுக்கு அந்த நாலு வரிதான் உயிர். மாடு கழுவும்போது சொல்லிப் பார்ப்பாள், கடலை ஆயும்போது சொல்லிப் பார்ப்பாள். விழாவுக்கு மாமியாரைக் கூட்டிப் போய் நாற்காலியில் உட்கார வைத்து, ஊர் கேட்க, மாமியாரும் கேட்க, ஒரே ஒரு தடவை அதைச் சொல்லிவிட வேண்டும். வீட்டில் நேருக்கு நேர் சொல்ல அவளுக்குத் தைரியம் இல்லை. வேஷம் கட்டினால் வரும் என்று நம்பினாள். சொல்லிவிட்டால் அந்த உதட்டசைவு நின்றுவிடும், இரண்டு பேருமே மூச்சு விடலாம் என்பது அவள் எண்ணம். அதற்கு மேல் இந்த உலகத்தில் அவள் எதையும் கேட்கவில்லை.

இனி நடந்த தவறைச் சொல்ல வேண்டும். விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் திடலில் மரம் நட்டார்கள். சுசித்ராவுக்கு அது மேடைச் சாமான். துளசிங்கம் வாத்தியாருக்கு அப்படி இல்லை. பூஜை போடாத மரத்தில் அவர் ஆயுசில் யாரையும் ஏற்றியதில்லை. குழியில் நவதானியமும் பாலும் விட்டு, அடிமரத்துக்கு மஞ்சள் துணி சுற்றி, பூசணிக்காய் உடைத்து, கற்பூரம் காட்டினார். மரம் வெறுமனே நிற்கக் கூடாது என்று உச்சிப் பலகையில் இருபத்தோரு எலுமிச்சம்பழம் கொண்ட பையையும் கட்டினார். ஏறுகிறவளுக்கு அந்தத் தேதியில் வீட்டுக்குத் தூரம் வருமா என்று தன் சம்சாரத்தை விட்டுக் கேட்டனுப்பினார். ஷோபனா இல்லை என்று சொன்னாள். அதோடு அவருக்கு மனம் நிம்மதியாயிற்று. சுசித்ராவும் இதெல்லாம் மரபுதானே என்று ஒவ்வொன்றையும் படம் எடுத்துக்கொண்டாள். பூஜையைப் பக்கத்தில் நின்று பார்த்த ஷோபனாவுக்கும் ஒன்றும் தோன்றவில்லை. கொடியேற்றம் இல்லாமல், காப்புக் கட்டாமல், தை மாதத்தில் எவள் வந்து படுப்பாள் என்று இருந்துவிட்டாள்.

அவளுக்குத் தோன்றாதது பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தோன்றியது. மஞ்சள் துணி சுற்றிய தபசு மரத்தை அடையாளம் தெரியாதவர்கள் அந்தப் பக்கத்தில் இல்லை. ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி, சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அர்ஜுனன் தபசு, அனைவரும் வருக என்று கனகம்மாசத்திரம் வரை சொல்லிக்கொண்டு போனார்கள். அர்ஜுனனாக ஏறப் போவது ஒரு பொம்பளை என்ற செய்தியும் சேர்ந்துகொண்டது. பொம்பளையோட கஷ்டம் தெரிஞ்சவ எறியற பழம், சும்மா போவாது என்று யாரோ ஒருத்தி பஸ் நிறுத்தத்தில் சொல்ல, அது போதுமானதாக இருந்தது.

சனிக்கிழமை காலையில் ஷோபனா வேஷம் கட்டிக்கொண்டிருந்தாள். தபசு அர்ஜுனனுக்குக் கிரீடம் கிடையாது. காவி வேட்டி, ருத்திராட்சம், முகத்தில் அரிதாரம், நெற்றி நிறைய விபூதி. ஒப்பனைத் தட்டிக்கு வெளியே சலசலப்புக் கேட்டு எட்டிப் பார்த்தாள். மலைக்கு மொட்டை போட வந்த கூட்டம் ஒரு பக்கம், பள்ளிப் பிள்ளைகள் ஒரு பக்கம், நாற்காலிகளில் விருந்தினர்கள். நடுவில் மரத்தைச் சுற்றி ஈரச் சேலையோடு பெண்கள் படுத்திருந்தார்கள். எண்ணிப் பார்த்தாள். நடிக்க வந்த நாலு பேரைத் தவிர்த்து இருபத்தாறு பேர். குளத்தில் குளித்துவிட்டு நேராக வந்திருந்தார்கள். தை மாதக் காற்றில் அவர்கள் உடம்பு நடுங்குவது இங்கிருந்தே தெரிந்தது.

சுசித்ரா ஓடி வந்தாள். முதலில் அவர்களும் நாடகத்தில் சேர்ந்துகொள்ள வந்தவர்கள் என்று நினைத்துச் சந்தோஷமாகப் படம் எடுத்திருக்கிறாள். விசாரித்த பிறகுதான் விஷயம் புரிந்திருக்கிறது. முகம் வெளுத்துப் போயிருந்தது. இது நிகழ்ச்சி மட்டும்தான் என்று மைக்கில் சொல்லிவிடலாமா என்று வாத்தியாரைக் கேட்டாள். அவர் துண்டை எடுத்துத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டார்.

"பூஜை போட்ட மரம்மா அது. ஈரத் துணியோட வந்து படுத்தவள எழுந்து போன்னு சொல்ற வாய் எனக்கு இல்ல. நீ வேணா சொல்லு."

சுசித்ராவுக்கும் அந்த வாய் இல்லை. கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றவள், ஷோபனாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். யோசித்துப் பார்த்தால் இதுதான் சரியான சந்தர்ப்பம், நடிக்க வந்த நாலு பேருக்குச் சொல்வதைவிட நிஜமாகவே படுத்திருக்கிறவர்களுக்குச் சொன்னால்தானே அந்த நாலு வரிக்கு அர்த்தம் என்றாள். ஷோபனாவுக்கும் அது சரியென்று பட்டது. அவளை அன்றைக்கு யாரும் கட்டாயப்படுத்தவில்லை. சொல்லத்தான் போனாள்.

முகவீணை ஊத ஆரம்பித்தார்கள். மரத்தை மூன்று சுற்று வந்து, தொட்டுக் கும்பிட்டு, முதல் கட்டையில் கால் வைத்தாள். ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு பாட்டு. பாதி தூரம் ஏறியதும் கூட்டம் ஆர்ப்பரித்தது. பொம்பள ஏறுது பாரு என்று பள்ளிப் பிள்ளைகள் கத்தினார்கள். அவளுக்குக் கால் நடுங்கவில்லை. குரல் பிசகவில்லை. உச்சிப் பலகையில் ஏறி நின்றபோது எதிரே மலையும் கோபுரமும், படிக்கட்டில் எறும்பு வரிசையாக ஜனங்களும், திருப்பதி சாலையில் போகும் பஸ்களும் தெரிந்தன. எத்தனையோ நாள் கழித்து மரத்தின்மேல் நிற்பது அவளுக்கு இதமாக இருந்தது. நின்றபடி தவப் பாட்டைப் பாடி முடித்தாள். கீழே அமைதியாயிற்று.

பையில் கை விட்டு ஒரு பழத்தை எடுத்து உயர்த்திக் காட்டினாள். ஒத்திகையில் செய்தது போலத்தான். ஆனால் ஒத்திகையில் யாரும் பசியோடு படுத்திருக்கவில்லை. பழத்தைப் பார்த்ததும் இருபத்தாறு பேரும் மண்டியிட்டு எழுந்து முந்தானையை விரித்தார்கள். முன் வரிசையில் கவிதா இருந்தாள். பக்கத்துத் தெருப் பெண், கல்யாணமாகி ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள்ளா என்று ஷோபனாவுக்கு ஆத்திரம் வந்தது. ஆத்திரம் வந்தது நல்லதாகப் போயிற்று. இந்தப் பெண்ணுக்காகவாவது சொல்லியே தீர வேண்டும் என்று மூச்சை இழுத்தாள். எழுந்துருங்கம்மா என்ற வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. சொல்வதற்கு முன்னால், மாமியார் கேட்கிறாளா என்று நாற்காலி வரிசையைப் பார்த்தாள்.

மூன்றாவது வரிசையில் மாமியாரைக் காலையில் அவள் உட்கார வைத்த நாற்காலி காலியாக இருந்தது. அதற்குப் பின்னால் குமரேசன் நின்றிருந்தான். அவன் ஒரு கையில் அம்மாவின் செருப்பு, இன்னொரு கையில் மாற்றுச் சேலை. மேலே பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஷோபனா மறுபடி மரத்தடியைப் பார்த்தாள். கடைசி வரிசையில், இருபது வயதும் இருபத்தைந்து வயதுமான பெண்களுக்கு நடுவே, நரைத்த தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, முட்டி வலிக்கு ஒரு கையைத் தரையில் ஊன்றிக்கொண்டு, மறு கையால் முந்தானையை விரித்துப் பிடித்தபடி ரத்தினம்மாள் மண்டியிட்டிருந்தாள். அவளுக்கு அறுபத்து மூன்று வயது. பக்கத்துப் பெண்கள் அவளைப் பார்த்து முழங்கையால் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவள் எதையும் கவனிக்கவில்லை. மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். மருமகள் முகத்தை அவள் அப்படி ஒருநாளும் பார்த்ததில்லை, சாமியைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

பழத்தில் பிள்ளை இல்லை என்று ஊருக்குச் சொல்லலாம், இருபத்தைந்து பேருக்குச் சொல்லலாம். அந்த முகத்துக்கு எப்படிச் சொல்வது? ஷோபனா வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. வாத்தியார் கீழேயிருந்து பாட்டின் கடைசி அடியைத் திரும்ப எடுத்துக் கொடுத்தார். மறந்துவிட்டாள் என்று நினைத்துவிட்டார். கூட்டம் காத்திருந்தது. யாரோ ஒரு பெண் தாயீ போடு என்று அழுத குரலில் கேட்டாள். தூக்கிய கை தூக்கியபடி வலித்தது. அதைப் பையில் திரும்பப் போட அவளால் முடியவில்லை. எறிந்தாள்.

எறிந்த பிறகு நிறுத்த முடியுமா? ஒருத்திக்குப் போட்டு இன்னொருத்திக்கு இல்லை என்றால் என்ன நியாயம்? இரண்டாவது, மூன்றாவது என்று எறிந்துகொண்டே போனாள். கண்ணில் நீர் நிறைந்து அரிதாரம் எரிந்தது. ஒன்று மட்டும் கவனமாகச் செய்தாள். ஒரு பழம்கூடக் கடைசி வரிசைப் பக்கம் போகாமல் பார்த்துக்கொண்டாள். கவிதாவின் மடியிலும் ஒன்று விழுந்தது. பை காலியானதும் வில்வத்தையும் விபூதியையும் தூவினாள். அழுகையும் கும்பிடும் குலவையுமாகத் திடல் அதிர்ந்தது. நாற்காலியில் இருந்த விருந்தினர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். மரபுக் காட்சி தத்ரூபமாக இருந்ததாக அவர்கள் பேசிக்கொண்டார்கள்.

கீழே இறங்கியதும் காலில் விழுந்தார்கள். வேண்டாம் வேண்டாம் என்று பின்வாங்கினாள், விடவில்லை. சுசித்ரா கூட்டத்தை விலக்கி அவளை ஒப்பனைத் தட்டிக்குப் பின்னால் அழைத்துப் போய் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். கோபிக்கவில்லை. நானாக இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன் என்றாள். அது அவள் மனதாரச் சொன்னதுதான். கொஞ்ச நேரம் கழித்துத் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டாள். விழாவைப் பற்றி எடுக்கிற படத்தில் அந்த நாலு வரி இல்லாவிட்டால், மூன்று மாதம் எதற்காக இந்தப் பாடு பட்டோம் என்பதே தெரியாமல் போய்விடும். இப்போது இங்கேயே, கேமராவுக்கு மட்டும் சொல்ல முடியுமா?

ஷோபனா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். மரம் பின்னால் தெரியும்படி நிற்க வைத்தார்கள். சொன்னாள். ஒரு வார்த்தை தடுமாறவில்லை. எழுந்துருங்கம்மா, பழத்துல புள்ள இல்ல. ஏழு வருசம் என்கிற இடத்தில் குரல் கொஞ்சம் கம்மியது, அது இன்னும் நன்றாக அமைந்தது. ஒரே தடவையில் முடிந்துவிட்டது. சுசித்ரா அவள் தோளை அணைத்துக்கொண்டாள். கேமராக்காரர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

அவருக்குப் பின்னால் ரத்தினம்மாள் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. மாற்றுச் சேலை இன்னும் கட்டவில்லை. முழங்காலில் மண்ணும் சிராய்ப்பும். பின்னால் குமரேசன் செருப்பும் சேலையுமாக அப்படியே நின்றான். முழுவதையும் அவள் கேட்டிருக்கிறாள் என்பது ஷோபனாவுக்கு உறைத்தது. மூன்று மாதமாக எந்தக் காதில் விழ வேண்டும் என்று தவம் கிடந்தாளோ அந்தக் காதில் விழுந்துவிட்டது. இனி என்ன ஆகுமோ ஆகட்டும் என்று அவள் மாமியாரைப் பார்த்தபடி நின்றாள்.

ரத்தினம்மாளின் முகம் மலர்ந்திருந்தது.

"வசனம் ரொம்ப நல்லா பேசினம்மா" என்றாள். "எனக்கே அழுவ வந்திருச்சு."

சொல்லிவிட்டு மடியை அவிழ்த்தாள். உள்ளே ஓர் எலுமிச்சம்பழம் இருந்தது. இரண்டாவது வரிசையில் விழுந்து உருண்டதைத் தவழ்ந்து போய் எடுத்தாளாம், ஒருத்தி கையை மிதித்துவிட்டாளாம், இருந்தும் விடவில்லையாம். சின்னப் பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டு சொன்னாள். எப்படியும் நீ படுக்க மாட்டே, அதான் உனக்குப் பதிலா நான் படுத்தேன் என்றாள்.

"அத்தை, நான்தான எறிஞ்சேன்" என்றாள் ஷோபனா.

"நீ எங்க எறிஞ்ச? மேல நின்னது அர்ஜுனன். நான் பாத்துகினு தான இருந்தேன். இந்தா, துன்னு."

ஷோபனா புருஷனைப் பார்த்தாள். அவன் ஏதாவது சொல்வான் என்று ஒரு கணம் நினைத்தாள். அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு மலைப்பக்கம் திரும்பிக்கொண்டான். சுசித்ராவைப் பார்த்தாள். சுசித்ரா கேமராவைத் தாழ்த்தச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். ரத்தினம்மாள் நீட்டிய கையை மடக்கவில்லை. தின்றால் அடுத்த மாதத்திலிருந்து மாமியார் மறுபடி முகத்தைப் பார்க்க ஆரம்பிப்பாள், ஒவ்வொரு மாதமும் ஒன்றும் பேசாமல் அடுப்படிக்குப் போவாள். தின்னாவிட்டால் இந்தச் சிரிப்பு இப்போதே, இங்கேயே போய்விடும். ஷோபனா பழத்தை வாங்கி வேட்டியில் துடைத்தாள்.

முதல் கடியிலேயே புளிப்பு தலைக்கு ஏறியது. கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். ரத்தினம்மாள் பக்கத்தில் வந்து, ஈரக் கையால் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"வெதய துப்பிடாத கண்ணு."

விதையையும் சேர்த்து விழுங்கினாள்.